குளிசைகளின் சேர்க்கையும் கொழுந்து மலையும்: ஊவாத் தோட்டங்களிற் குருதியமுக்க மருந்துகள் பற்றிச் சில குறிப்புகள்

தமிழாய்வுக்கென அமைந்த இதழொன்றிலே மருந்துகளின் சேர்க்கை பற்றிய கட்டுரை இடம்பெறுவதன் பொருத்தப்பாடு குறித்து வாசகர் வினவக்கூடும். மலையகத்து வாய்மொழிப் பாடல்களையும் வழக்குச் சொற்களையும் ஆராயப் புகுவோர் உடலைப் பற்றிய சொற்களைக் கடந்து செல்லவியலாது என்பதே அதற்கான முதல் விடை. உழைப்பை விற்பதன்றி வேறு வாழ்வழி மறுக்கப்பட்ட ஒரு வர்க்கத்தின் மொழியில், நோய் பற்றிய சொற்கள் வேலை பற்றிய சொற்களோடு பின்னிக் கிடக்கின்றன. தலைசுற்றல் வந்தது என்று ஒரு பெண் கூறும்போது, அன்று அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பினேன் என்பதும் அக்கூற்றினுள் அடங்கியிருக்கிறது. இரண்டாவது விடை இன்னும் எளிது. ஒரே நோயாளியின் கையில் மூன்று நான்கு வகைக் குளிசைகள் சேரும்போது உடலில் என்ன நிகழ்கிறது என்பதைத் தோட்டத் தொழிலாளியின் வாழ்நிலையோடு இணைத்துத் தமிழில் விளக்கும் எழுத்து வேண்டப்படுகிறது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களை மனங்கொண்டு எழுதப்படும் இக்குறிப்புகள் வைத்தியரின் இடத்தைப் பிடிக்க முயல்வனவல்ல. எவருக்கு எம்மருந்து என்பது வைத்தியரின் தீர்மானம். அம்மருந்து என்ன செய்கிறது என்பதை அறிந்திருத்தல் அதனை விழுங்குபவரின் உரிமை.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். குருதிக்கலன்களை விரியச் செய்யும் மருந்துகளை இங்குக் கலன்விரி மருந்துகள் என்கிறோம். கலன் விரிந்தால் அதனூடு ஓடும் குருதிக்கு எதிர்ப்புக் குறையும். எதிர்ப்புக் குறைந்தால் அமுக்கம் இறங்கும். இம்மருந்துகள் ஒரே வகையினவல்ல. நிபெடிப்பின், அம்லோடிப்பின் என்பன நாடிச் சுவரின் தசைக்குள் கல்சியம் புகுவதைத் தடுக்கின்றன. பிராசோசின், கலனைச் சுருக்கும் நரம்புக் கட்டளையை மறிக்கிறது. கருவுற்ற பெண்களின் மிகையமுக்கத்துக்கு வைத்தியசாலைகளில் வழங்கப்படும் ஹைட்ரலசின் நேரடியாக நாடியைத் தளர்த்துகிறது. நெஞ்சுவலிக்காரருக்கு வழங்கப்படும் நைத்திரேற்றுகள், அதாவது நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரினும் விழுங்கும் ஐசோசோர்பைட்டும், முதன்மையாக நாளங்களை விரிக்கின்றன. கால்களிலும் வயிற்றிலும் குருதி தங்குவதால் இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. இதயத்தின் சுமை தணிகிறது. தோட்டங்களில் இவற்றை 'நெஞ்சு மாத்திரை' என்றும், ஏனையவற்றைப் பொதுவாகப் 'பிரசர் மாத்திரை' என்றும் வழங்குவர். இவ்வழக்கு முற்றிலும் பிழையானதன்று. ஆயினும் நெஞ்சு மாத்திரையும் அமுக்கத்தை இறக்கும் என்ற உண்மையை அது மறைத்துவிடுகிறது; பின்னர் நாம் காணப்போகும் சிக்கல்களுள் ஒன்று இங்கிருந்தே தொடங்குகிறது.

நைத்திரேற்றின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. 1847இல் இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ நைத்திரோகிளிசரினை ஆக்கினார். அதனைச் சிறிதளவு நாவில் வைத்த மாத்திரத்தில் கடுந் தலையிடி ஏற்படுவதை அவரே கண்டார். பின்னர் அல்பிரட் நோபெல் அதனை வெடிமருந்தாக்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1879இல் இலண்டனில் வில்லியம் மரெல் என்ற வைத்தியர் அதே பொருளை நெஞ்சுவலிக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். முதுமையில் இதய நோயுற்ற நோபெலுக்கும் வைத்தியர்கள் இதனையே விதித்தனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி, வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உழைத்தவர்களைப் பற்றியது. ஞாயிறு ஓய்வுக்குப்பின் திங்களன்று வேலைக்குத் திரும்பிய தொழிலாளர்கள் தலையிடியாலும் தலைசுற்றலாலும் வருந்தினர். வாரம் செல்லச் செல்ல அத்துன்பம் குறைந்தது. மறு திங்களன்று மீண்டும் வந்தது. தோலினூடும் மூச்சினூடும் உட்புகுந்த நைத்திரேற்றுக்கு உடல் சில நாள்களிற் பழகிப்போவதும், ஓய்வு நாளில் அப்பழக்கம் நீங்குவதுமே இதன் காரணம். திங்கட்கிழமைத் தலையிடிக்கு அஞ்சிச் சிலர் அவ்வெடிப்பொருளிற் சிறிதைத் தொப்பிப் பட்டியில் தடவிக்கொண்டு ஓய்வுநாளைக் கழித்தனர். வேறு சிலருக்கோ, நைத்திரேற்று அகன்ற ஓய்வுநாளில் நாடிகள் எதிர்மாறாகச் சுருங்கியமையால் நெஞ்சுவலியும் திடீர் மரணமுங்கூட நேர்ந்தன.

இன்று மருந்தியல் நூல்கள் 'நைத்திரேற்றுப் பழக்கம்' எனக் குறிப்பிடும் நிகழ்வு ஆய்வுகூடத்தில் ஆராயப்படுவதற்கு முன்பே, இவ்வாறு தொழிலாளரின் உடல்களிற் பட்டறிவாகிவிட்டது. நைத்திரேற்றிலிருந்து பிறக்கும் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவே கலன்களை விரிக்கிறது என்பதைத் தெளிவாக்கும் வழியைத் திறந்தமைக்காக பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் நோபெல் பரிசு பெற்றனர். பரிசின் பெயரிலேயே வெடிமருந்து ஆலை நிற்கிறது என்பதை மேலதிகமாக விளக்கவேண்டியதில்லை.

இவ்வரலாற்றுக்கும் பசறைத் தோட்டமொன்றின் லயத்துக்கும் நேரடித் தொடர்புண்டு. உடல் பழகிவிடாதிருக்க வேண்டுமாயின் நாளொன்றிற் பல மணிநேரம் குருதியில் நைத்திரேற்று மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். ஆகவேதான் சாதாரண ஐசோசோர்பைட் மொனோநைத்திரேற்றை நாளுக்கு இருமுறை விதிக்கும் வைத்தியர், காலையும் இரவுமென விதிப்பதில்லை; காலை ஒன்று, ஏறத்தாழ ஏழு மணிநேரம் கழித்துப் பிற்பகலில் ஒன்று என்று விதிக்கிறார். மெதுவாகக் கரையும் வகையாயின் நாளுக்கு ஒருமுறையே போதும். பிற்பகல் வேளையிற் கொழுந்து பறிப்பவர் மலையில் நிற்கிறார். குளிசை லயத்தில் இருக்கிறது. இரண்டு வேளை என்றால் காலையும் இரவுந்தானே என்று எடுத்துக்கொள்வது இயல்பு. விளைவாக மருந்து ஒழுங்காக விழுங்கப்படுகிறது, பயன் மங்குகிறது, 'இந்த மாத்திரை எனக்குப் பிடிக்கவில்லை' என்ற முடிவு பிறக்கிறது. நோயாளியின் அறியாமை என்று இதனை ஒதுக்குவோர், வேலைநாளின் அமைப்பை நோக்கத் தவறியவர்கள்.

இனிச் சேர்க்கைக்கு வருவோம். கலன்விரி மருந்தோடு மற்றொரு குருதியமுக்க மருந்து சேர்வது எப்போதும் தீங்கன்று. பெரும்பாலும் அது திட்டமிட்ட சேர்க்கையே. கலன் விரிந்து அமுக்கம் இறங்கும்போது உடல் தன் பழைய நிலையை மீட்க முயன்று இதயத்தை விரைவாக அடிக்கச் செய்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. அதனால் விரைதுடிப்பை அடக்க அற்றெனலோல் போன்ற மருந்தும், நீரை வெளியேற்ற ஹைட்ரோகுளோரோதயசைட்டும் உடன் சேர்க்கப்படுகின்றன. வைத்தியர் அறிந்து, அளவறிந்து, படிப்படியாகச் சேர்த்த இம்மூன்றும் நன்கு இயங்கும். அற்றெனலோலோடு வெரபமில் அல்லது டில்தியசெம் சேர்வது வேறு கதை: இரண்டுமே இதயத்தின் ஓட்டத்தைத் தாமதப்படுத்துவன, நாடித்துடிப்பு அபாயகரமாக விழக்கூடும். ஒரு கிளினிக்கில் ஒன்றும் தனியார் வைத்தியரிடம் மற்றொன்றும் பெறுபவரே இவ்வகையிற் பெரிதும் சிக்குண்பவர்.

அமுக்கம் அளவுக்கு மீறி இறங்குவது பெரும்பாலும் எழுந்து நிற்கும்போது வெளிப்படுகிறது. படுத்தோ இருந்தோ எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேலமுக்கம் 20 அல்லது கீழமுக்கம் 10 மில்லிமீற்றர் இரசம் குறைந்தால் அதனை நிலைமாற்றத் தாழமுக்கம் என்பர். கிளினிக்கிற் கதிரையில் இருத்தி அளக்கும்போது இது தெரியாது. நமுனுகுலைச் சரிவில் முதுகில் கொழுந்தைச் சுமந்து, மழைக்கால வழுக்கலில், காலையில் வெறும் தேத்தண்ணீரோடு புறப்பட்டு வந்து நிற்பவருக்கு இது தெரியும். நைத்திரேற்று நாளங்களில் குருதியைத் தேக்குகிறது. நீர்ப்போக்கி மருந்து உடலின் நீரைக் குறைக்கிறது. நெடுநேரம் நிற்பது கால்களிற் குருதியை மேலும் தேக்குகிறது. மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன. வயிற்றோட்டமோ வாந்தியோ கண்ட நாளில் இவ்விழுப்பு இன்னும் வன்மையுறும். அந்நாளில் நீர்ப்போக்கியையும் எனலாப்ரில், லொசார்ட்டன் முதலியவற்றையும் தொடர்வதா நிறுத்துவதா என்று உடனே வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். இவற்றோடு உடம்புவலிக்கு டைக்குளோபெனாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிப்புறும். பதுளை மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள கிராந்துருகோட்டையில் காரணம் முற்றாகத் துலங்காத சிறுநீரக நோய் பரவியுள்ளமையை அறிந்தவர்கள், சிறுநீரகம் பற்றிய எச்சரிக்கையை மிகையெனக் கருதார். டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் வகை வலிமருந்துகள் குருதியமுக்க மருந்துகளின் பயனையும் குறைப்பன. கூடை சுமக்கும் தோளுக்கு வலிமருந்து வேண்டப்படுவதும், அதே மருந்து அமுக்கத்தை ஏற்றுவதும் ஒரே வேலைநாளின் இரு முகங்கள்.

பிராசோசினின் முதல் வேளை பற்றித் தனியே கூறவேண்டும். முதல் குளிசையை உண்ட சில மணிநேரத்துள் அமுக்கம் திடீரென விழுந்து மயங்குவோர் உளர். அதனாற் சிறிய அளவில், படுக்கைக்குச் செல்லும்போது தொடங்குமாறு கூறப்படுகிறது. வீட்டினுள்ளேயே கழிவறையுள்ளவருக்கு ஏற்ற ஆலோசனை இது. லயத்தின் கழிவறை வெளியே, படிகளுக்கு அப்பால் இருக்குமாயின், நள்ளிரவில் எழுபவர் கட்டிலின் ஓரத்திற் சிறிதுநேரம் அமர்ந்து, துணையோடு செல்லவேண்டும் என்பதையும் ஆலோசனையோடு சேர்த்தாக வேண்டும். மறுதலையாக, பகலில் மலையிற் பெண்களுக்குக் கழிவறை இல்லாமையால் நீர்ப்போக்கிக் குளிசையை வேலைநாளில் விட்டுவிட்டு ஞாயிறன்று மட்டும் உண்பதாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கிளினிக் கொப்பியில் அமுக்கம் கூடிவிட்டதென்று பதியப்படும். மருந்தின் அளவு உயர்த்தப்படும். உயர்த்திய அளவு ஞாயிறன்று முழுமையாக உட்செல்லும்.

சேரவே கூடாத சேர்க்கை ஒன்றுண்டு. ஆண்மைக்குறைக்கென விற்கப்படும் சில்டெனாபில் வகைக் குளிசைகளும் நைத்திரேற்றும் ஒரே வேதியியற் பாதையின் இரு முனைகளில் இயங்குவன: ஒன்று கலன்விரிக்கும் கட்டளையைப் பிறப்பிக்கிறது, மற்றது அக்கட்டளை அழியாது தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அமுக்கம் சரிந்து உயிராபத்து நேரலாம். சில்டெனாபில் உண்டபின் 24 மணிநேரமும் தடலாபில் உண்டபின் 48 மணிநேரமும் நைத்திரேற்றுக் கூடாது; நைத்திரேற்றை நாள்தோறும் உண்பவருக்கு இவை அறவே கூடா. வெட்கத்தின் காரணமாக இதனை எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. நெஞ்சுவலியோடு வரும் ஆணிடம் வைத்தியர் இதனைத் தனிமையிற் கேட்பதும், கேட்டபோது மறைக்காதிருப்பதும் உயிர் காக்கும். சாராயமும் கசிப்பும் இதே திசையில் இழுப்பன.

ஒவ்வாமை மருந்துகளின் இடம் யாது? தும்மல், தடிமன், தோற்கடி, பூச்சிக்கடி ஆகிய யாவற்றுக்கும் தோட்ட மருந்தகத்தில் முதலில் நீட்டப்படும் சிறுகுளிசை குளோர்பெனிரமின். 'பிரிட்டன்' என்ற வணிகப் பெயரே அதற்கு வழக்காகிவிட்டது. ஹிஸ்டமின் என்ற பொருள் தானே கலன்களை விரித்து அமுக்கத்தை இறக்குவது. 1910ஐ ஒட்டி ஹென்றி டேல் அதனை ஆராய்ந்து காட்டினார். 1937இல் பாரிசிற் டானியேல் போவே குழுவினர் அதற்கெதிரான முதல் மருந்துகளைக் கண்டனர். இதனைக் கேட்பவர், ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்து கலன்விரி மருந்தையும் எதிர்க்குமென்று கருதலாம். உண்மை அவ்வாறன்று. நைத்திரேற்றும் நிபெடிப்பினும் ஹிஸ்டமினின் வழியே இயங்குவனவல்ல. சிக்கல் பழைய ஒவ்வாமை மருந்துகளின் பக்க இயல்புகளிலிருந்து வருகிறது. அவை மூளையினுட் புகுந்து உறக்கம் தருகின்றன, வாயை உலர்த்துகின்றன, முதியவரிற் சிறுநீரை மறிக்கின்றன, நாடித்துடிப்பை விரைவாக்கக் கூடியன. அவற்றுள் புரோமெதசின் கலனைச் சுருக்கும் நரம்புக் கட்டளையையும் ஓரளவு மறிப்பது. ஆதலால் அமுக்கம் இறங்கியிருப்பவரை மேலும் இறக்கும். உறக்கமும் தாழமுக்கமும் ஒரே வேளையிற் கூடுவதே முதியவர் படியில் விழுவதற்குப் போதுமானது. லொரட்டடின், செற்றிரிசின், பெக்சோபெனடின் ஆகிய புதியவை பொதுவாக இவ்வகையில் மென்மையானவை. செற்றிரிசின் மாத்திரம் சிலருக்கு உறக்கந்தரும். புதியது யாவும் நல்லது என்றும் கொள்ளலாகாது: உறக்கந் தராததெனப் புகழப்பட்ட தெர்பெனடின் இதயத் துடிப்பொழுங்கைக் குலைத்தமையால் 1990களில் பல நாடுகளில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது.

வாய் உலர்தல் அற்பமான தொல்லையெனத் தோன்றும். நைத்திரோகிளிசரினை நாக்கின்கீழ் வைப்பவருக்கு அது அற்பமன்று. அக்குளிசை உமிழ்நீரிற் கரைந்தாலன்றிக் குருதியிற் சேராது. இரவில் தடிமனுக்குப் பிரிட்டன் உண்டவரின் வறண்ட வாயில், நெஞ்சுவலி வேளையில் வைத்த குளிசை கரையாது கிடக்கலாம். ஒரு மிடறு நீரால் வாயை நனைத்துக்கொண்டு, அமர்ந்தபடியே, குளிசையை நாக்கின்கீழ் வைப்பது நன்று. நிற்கலாகாது; விழுங்கலாகாது. ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடின் உடனே வைத்தியசாலைக்கு வழிபார்க்க வேண்டும். மற்றொன்று: இக்குளிசை மூல கண்ணாடிக் குப்பியிலேயே இறுக மூடப்பட்டிருத்தல் வேண்டும், குப்பி திறந்து எட்டு வாரத்துக்குப் பின் அதனை நம்பலாகாது. முந்தானை முடிச்சிலும் பிளாஸ்ரிக் உறையிலும் வைத்தால் அதன் வீரியம் ஆவியாகிப்போகும். முடிச்சில் வைப்பது ஆபத்து வேளையில் கைக்கெட்டவேண்டும் என்ற நியாயமான எண்ணத்தின் விளைவு. சிறு குப்பியோடு முடிச்சிலிட்டால் இரண்டு நோக்கமும் நிறைவேறும்.

ஒவ்வாமை மருந்தைவிட அதனோடு ஒரே குளிசையிற் கலந்துவரும் துணை மருந்தே அமுக்க நோயாளிக்குப் பெரும் பகை. கடைகளில் தடிமனுக்கென விற்கும் கூட்டுக் குளிசைகள் பலவற்றில் மூக்கடைப்பை நீக்கச் சூடோஎபெட்ரினோ பினைலெப்ரினோ சேர்க்கப்பட்டிருக்கும். அவை கலன்களைச் சுருக்குவன. எனவே கலன்விரி மருந்து ஒருபுறமும் தடிமன் குளிசை மறுபுறமும் இழுக்கின்றன. பனிமூட்டம் சூழும் அப்புத்தளையில் தடிமன் அரிய நிகழ்வன்று. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீர் இவ்வகையில் அச்சந் தராதது. அதிமதுரத்தை நாட்கணக்கில் மிகுதியாகச் சேர்த்துக் காய்ச்சினால் நிலைமை மாறும். அது உடலில் உப்பைப் பிடித்துப் பொற்றாசியத்தைக் குறைத்து அமுக்கத்தை ஏற்றும். நாட்டு மருந்து மருந்தேயல்ல என்ற எண்ணம் நாட்டு மருத்துவத்துக்கே இழைக்கும் அவமதிப்பு. சர்ப்பகந்தி வேரின் அமுக்கமிறக்கும் ஆற்றலை இந்திய வைத்தியர் ருஸ்தம் வாகில் 1949இல் உலகறியச் செய்தாரென்பதை நினைவுகூர்ந்தால், வேர்களும் அளவறிந்து உண்ணப்படவேண்டியவை என்பது புலனாகும்.

எனலாப்ரில், கப்ரோப்ரில் ஆகியவற்றால் ஏற்படும் வறட்டு இருமல் இக்கட்டுரைப் பொருளின் மிக நுட்பமான பகுதி. இம்மருந்துகளும் கலன்களை விரிப்பனவே. அவை உடலில் பிராடிகினின் என்ற பொருள் தேங்கச் செய்வதாற் சிலருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, தொண்டையில் அரிப்போடு கூடிய இருமல் வருகிறது. அவ்விருமல் குளிரின்மேலும் பனியின்மேலும் சாட்டப்பட்டு, இருமற் பாணியும் பிரிட்டனும் வாங்கப்படுகின்றன. இருமல் நிற்பதில்லை, உறக்கம் மட்டும் கூடுகிறது. மருந்தை மாற்றினாற் சில வாரங்களில் இருமல் தானே நின்றுவிடும். லொசார்ட்டன் வகையில் இத்தொல்லை அரிது. ஆனால் இதே மருந்தினால், தொடங்கிப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னருங்கூட, உதடும் நாவும் தொண்டையும் வீங்கலாம். பார்ப்பவருக்கு அது பூச்சிக்கடி ஒவ்வாமையாகவே தோன்றும். பிரிட்டனைக் கொடுத்துவிட்டு வீக்கம் வற்றுமெனக் காத்திருப்பர். பிராடிகினினால் வந்த வீக்கத்தை ஒவ்வாமை மருந்து தணிக்காது. தொண்டை அடைபடுமுன் வைத்தியசாலையை அடைவதொன்றே வழி. மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வீதியை அறிந்தவர்கள் காத்திருப்பதன் விலையை அறிவர். அமுக்கக் குளிசைகளின் பெயர்கள் எழுதிய கொப்பியையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

தோட்டத்துக்கு மருந்து எவ்வழியாக வந்தது என்பதை வரலாற்று நிலைநின்று நோக்குமிடத்து, இன்றைய சேர்க்கைச் சிக்கலின் வேர் தெரியும். 1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912இன் புதிய சட்டமும் தோட்டத்தின் மருத்துவத்தை நாட்டின் பொது மருத்துவத்திலிருந்து வேறாக வளர்த்தன. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட உழைப்பாளர் இறந்துபடாது வேலை செய்யவேண்டும் என்ற கணக்கே அவற்றின் அடிப்படை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளுட் சில அரசின் பொறுப்புக்கு மாறின. பல இடங்களில் தோட்ட வைத்திய உதவியாளரின் மருந்தகமே இன்றும் முதற்படி. எனவே ஒரே நோயாளி மூன்று வாயில்களில் மருந்து பெறுகிறார்: மாதாந்தக் கிளினிக்கில் அமுக்கத்துக்கு, தோட்ட மருந்தகத்தில் தடிமனுக்கு, நகரத்துப் பாமசியில் விட்டுப்போனவற்றுக்கு. மூன்று வாயில்களும் ஒன்றையொன்று அறியா. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தட்டுப்பட்டபோது மூன்றாவது வாயிலில் நெரிசல் மிகுந்தது. கொப்பியில் எழுதிய பெயர் ஒன்று, பெட்டியிலுள்ள பெயர் வேறொன்று என்ற நிலை பலருக்கு நேர்ந்தது.

இவ்விடத்திற் சேனக பிபிலையை நினையாதிருக்க முடியாது. ஊவாவின் ஊரொன்றின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்ட இம்மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கியவர், இடதுசாரி இயக்கத்தவர். 1971இல் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் அளித்த அறிக்கையும், அவ்வாண்டு தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனமும் மருந்து வணிகத்தின் அடித்தளத்தையே அசைத்தன. ஏறத்தாழ 2100 என இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டது. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் முன்னிறுத்தப்பட்டது. பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்ப்பு எத்தகையதாயிருந்தது என்பது தனியொரு கட்டுரைக்குரியது. 1977இற் கயானாவில் அவர் மறைந்தார். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தமை அவர் தொடங்கியதன் பிந்திய பலன். பொதுப்பெயர் என்பதை விலை மலிவு சார்ந்த விடயமாக மட்டும் பார்ப்போர் அதன் பாதுகாப்புப் பெறுமதியைக் காணத் தவறுகின்றனர். இருவேறு வணிகப் பெயர்களில் ஒரே அம்லோடிப்பினை இருமடங்கு உண்டு, கணுக்கால் வீங்கி, அவ்வீக்கத்துக்கு நீர்ப்போக்கியும் பெற்று, பின் மலையில் தலைசுற்றி நிற்கும் சங்கிலி, பெயர் ஒன்றாயிருந்தால் முதற் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

இலக்கிய மாணவனுக்கு உரிய இடம் இங்கேதான் வருகிறது. மருந்துறைகளில் எழுதப்படுவன பெரும்பாலும் இலத்தீன் சுருக்கங்கள். ஒரு வரி விளக்கம் இருந்தாலும் அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதே வழமை. நோயாளி திருப்பிச் சொல்வதோ ஒரே சொல்: 'மயக்கமா இருக்கு'. இலக்கணம் கற்றோருக்கு மயக்கம் என்பது சேர்க்கை. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்பன அவ்வழியே வந்தவை. பேச்சு வழக்கிலோ அது பல நிலைகளின் சேர்க்கையாகவே நிற்கிறது. பிரிட்டனால் வரும் உறக்கக் கிறக்கமும் மயக்கம். எழுந்து நிற்கையிற் கண் இருளுவதும் மயக்கம். உலகம் சுழல்வதும் மயக்கம். பசியினாலும், நீரிழிவு மருந்தினாற் சீனி குறைந்தும் வியர்த்து நடுங்குவதும் மயக்கம். நாடித்துடிப்புத் தாழ்ந்து நினைவிழப்பதும் மயக்கமே. இவ்வைந்துக்கும் மருந்து வேறு. தமிழறியாத வைத்தியருக்கு மொழிபெயர்ப்பவர் இவை யாவற்றையும் ஒரே சொல்லாகக் கொண்டுசென்றால், சுழற்சிக்கான மற்றொரு குளிசை எழுதப்படும். அத்தகைய குளிசைகளுட் சிலவும் ஒவ்வாமை மருந்தினத்தைச் சேர்ந்தவையே. எழும்போதா, இருக்கும்போதா, குளிசை உண்டு எவ்வளவு நேரத்தில், உண்ட பின்னா உண்ணுமுன்னா, கண் இருண்டதா சுழன்றதா என்ற வினாக்களைத் தோட்டத்து வழக்கிலேயே எழுதி மருந்தகங்களிற் தொங்கவிடுவது பெரும்பணியன்று. வழக்குச் சொல் சேகரிப்போர் ஒரு விடுமுறைக்குள் அதனைச் செய்து முடிக்கலாம்.

மருந்துறை வாசகத்துக்கும் இதுவே பொருந்தும். நேரத்தைக் கடிகாரத்தால் மட்டுமன்றி வேலைநாளாலும் அளக்கும் மக்களுக்கு, வைத்தியர் விதித்த மணிநேர இடைவெளியை வேலைநாளின் சொற்களிலேயே எழுதலாம். காலையும் பிற்பகலும் உண்ணவேண்டிய ஐசோசோர்பைட்டுக்கு, அவரவர் வைத்தியரின் ஒப்புதலோடு, உறையில் இவ்வாறு இருக்கலாம்: 'நெஞ்சு மாத்திரை. காலையில் ஒன்று, பெரட்டுக்குப் போகுமுன், ஏதாவது சாப்பிட்டு. பகலில் ஒன்று, பகல் கொழுந்து நிறுத்த பிறகு. இருந்து எடுங்கள், எழும்பிப் பத்து நிமிடம் கழித்து மலை ஏறுங்கள். இரவில் வேண்டாம். தடிமனுக்கு வேறு மாத்திரை வாங்குமுன் இந்த உறையைக் காட்டுங்கள்.'